ராகு காலமும் ரத்து பட்டனும்

அம்மா போனில் அறுப்பு மெஷினுக்கு நேரம் பிடிப்பதைப் பார்த்தால், பெண்ணுக்கு வரன் பார்ப்பது போலவே இருக்கும். கிடைத்த நேரம் ராகு காலமா, ரத்து. எமகண்டமா, ரத்து. செவ்வாய்க்கிழமையா, பேச்சே இல்லை. இந்தத் தை மாதம் எங்கள் ஊரே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. கதிர் முற்றிக் கிடந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் மழை இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நேரம் பதிய மெஷின்காரர்கள் சேர்ந்து நடத்திய ஆப்போ, நடுப்பகல் ஆனால் படுத்துவிடும்.

திட்டுவதற்கு வசதியாக நான் பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன். "உலகத்துக்கெல்லாம் ப்ரோகிராம் எழுதுற, நம்ம வயலுக்கு இதைப் பாக்க மாட்டியா?" என்றாள் அம்மா. எரிச்சலோடு திறந்து பார்த்தேன். ஆப்புக்கு அடியில் இருந்தது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சம்பளமில்லாமல் பராமரிக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரல். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. என் முகம் போன போக்கை நல்லவேளை அம்மா பார்க்கவில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் நிரல் கொஞ்சம் மெமரி வாங்கிக்கொள்ளும். பதிவு முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். ரத்து செய்தால் மட்டும் கொடுக்காது. கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய அண்டாவை, கல்யாணம் நின்றுபோனதும் மறந்துவிடுகிற மாதிரி. மெமரி தீர்ந்ததும் சர்வர் விழுந்தது. கெட்ட எண்ணக்காரன் எவனும் பதிந்து பதிந்து ரத்து செய்தே சர்வரைச் சாய்க்கலாம். எங்கள் ஊர் நல்ல நேரம் பார்த்தே சாய்த்துவிட்டது.

ஓட்டை வெளியே தெரியுமுன் அடைப்பது எங்கள் வழக்கம். திருத்தி எழுதி, கூட்டாளிகளுக்குத் தனியாக அனுப்பினேன். மனிதர்கள் யாராவது இத்தனை தடவை ரத்து செய்வார்களா என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டார். உங்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது என்று பதில் போட்டேன். ஒப்புக்கொண்டார்கள். மெஷின்காரர்களும் அன்றே திருத்தத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆப் எழுந்தது. அம்மாவுக்கு நேரமும் கிடைத்தது: வெள்ளிக்கிழமை பதினொரு மணி. சுத்தமான ராகு காலம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் விரல் ரத்து பட்டனுக்கு மேலே நின்றது.

அம்மா போனைக் கீழே வைத்தாள். "காலையில நல்ல நேரத்துல நானே ஒரு பிடி அறுத்து வெச்சுடறேன். அறுப்பு அப்பவே ஆரம்பிச்சாச்சு. மெஷின் எப்ப வந்தா என்ன?"

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா."

"அப்ப வானம் வெளுத்துல்ல இருந்துச்சு."

நெல் நனையாமல் களம் சேர்ந்தது. நிரலில் இப்போது தானாக ஓடும் ஒரு சோதனை சேர்த்திருக்கிறேன். சளைக்காமல் பதியும், ரத்து செய்யும். அதன் பெயர் 'அம்மா'. உலகத்தில் யார் எங்கே எதைத் திருத்தினாலும், அம்மா சம்மதித்தால்தான் வெளியே போகும்.