வேலி தாண்டிய கனகாம்பரம்

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மாமரம் இருந்தது. அதன் நிழல் பாதி எங்கள் பக்கம், பாதி பெரியப்பா வீட்டுப் பக்கம். நடுவில் கிளுவை வேலி. அம்மா முதலில் அங்கே மல்லிதான் வைத்தாள். வெயில் படாமல் அது இலை இலையாக விட்டதே தவிர, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. பிறகு கனகாம்பரம் வைத்தாள். அந்த அரைநிழல் அதற்குப் பிடித்துப்போனது. முதல் சரம் எப்போதும் பெரியப்பா மகளுக்குத்தான். அந்த அக்கா வேலிப் படல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பூ வைத்துவிடச் சொல்லி அம்மாவிடம் தலையைக் காட்டுவாள்.

கழனிகளுக்கு பம்புசெட் வராத ஐம்பதுகளின் கடைசி அது. ஏரித் தண்ணீர் யாருக்கு முதலில் என்று நைனாவுக்கும் அவர் அண்ணனான பெரியப்பாவுக்கும் சண்டை மூண்டது. நைனா படலை இழுத்துக் கட்டினார்.

"ஒரு பூ அந்தப் பக்கம் போவக்கூடாது. நானும் அந்த மண்ண மிதிக்கமாட்டேன்."



வாடிய பூக்கதிர்களை உடனே கிள்ளிவிடுவது அம்மாவின் வழக்கம். அப்போதுதான் செடி மேலும் பூக்கும். அந்த வருஷம் வேலியோரச் செடிகளை மட்டும் கிள்ளாமல் காயவிட்டாள். நைனா கழனிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அந்தக் காய்ந்த கதிர்கள்மேல் சொம்புத் தண்ணீரைத் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் காய்கள் டப் டப்பென்று வெடித்தன. விதைகள் எங்கள் பக்கம் பாதி விழுந்தன, வேலிக்கு அப்பால் பாதி தெறித்தன. எனக்கு ஒரே கும்மாளம்.

"இன்னும் ஊத்தும்மா!"

மழைக்குப் பிறகு பெரியப்பா பக்கம் கன்றுகள் முளைத்திருந்தன. நைனா பார்த்துவிட்டார்.

"நம்ம செடி அங்க எப்டி போச்சி? நீ குட்த்தியா?"

"நான் எங்க குட்த்தேன்? காயி வெடிச்சி வெத தெறிச்சிகீது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

பிடுங்கி எறிய அவருக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர் அவரேதான். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று முறைத்துவிட்டு உள்ளே போனார்.

மறு வருஷம் ஒருநாள் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, அக்கா நம்ம பூவ வெச்சிக்கினு திரியுது!"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"நெருக்கமா கட்டிகீதா?"

"நெருக்கமாதான். ரெண்டு ஜடையிலயும் வெச்சிகீது."

"அவளுக்கு நல்லா கீதா?"

நியாயம் கேட்கக் கிளம்புவாள் என்று பார்த்தால், இப்படிக் கேட்கிறாளே! பறிகொடுத்ததுகூடத் தெரியாத அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று நொந்துகொண்டு, பதில் சொல்லாமல் விளையாடப் போய்விட்டேன்.