குவைத் போன ஹாஜியார்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தருகே குட்டியானை லோடு வண்டி ஓட்டும் அப்ரோஸை ஊரே 'ஹாஜியார்' என்றுதான் கூப்பிடுகிறது. அவன் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஒன்பது வருடம் குவைத்தில் கார் ஓட்டினான், அவ்வளவுதான். நம்மூர்க் கணக்கில் அரபு நாடெல்லாம் ஒரே தெரு. முனையில் திரும்பினால் மக்கா. நிஜத்தில் நடுவே, இங்கிருந்து மும்பை போகிற தூரம் கிடந்தது.

இதில் இன்னொரு சங்கடம். அவனுடைய முதலாளி ஜார்ஜ், லெபனானிலிருந்து வந்த அசல் அரபி, அசல் கிறிஸ்தவரும்கூட. ஏசுவிடம் அரபியில்தான் பேசுவார். ஈஸ்டருக்கு முன் அவர் நோன்பு, ரமலானில் இவன் நோன்பு. சில வருடம் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். வண்டிக்குள் இருவருக்கும் ஒரே நேரத்தில் எரிச்சல் வரும்.

லீவில் வந்தபோது இதை டீக்கடை சுகுமாரிடம் சொல்லிப் பார்த்தான்.

"அரபிக்கு இன்னா பாய் சர்ச்சு? வெயில்ல ரொம்ப நாள் இருந்துட்ட, வுடு" என்றார் சுகுமார்.

அதோடு விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டான். மரியாதையோடு டீ வரும்போது யார் மறுப்பார்கள்?

குவைத் திரும்பியதும் வினை போனில் வந்தது. அடுத்த வீட்டு உம்முல் குல்சும் அவனுக்குச் சித்தி முறை, சாச்சி என்பான். மகள் ஷப்ரீனுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தையில்லை. "காபாவாண்ட நின்னு எம்பொண்ணுக்கு துஆ கேளுடா கண்ணு" என்று, மக்காவில் வேண்டிக்கொள்ளச் சொல்லி அழுதார். குவைத்திலிருந்து உம்ராவுக்கு, அதாவது ஹஜ் காலம் தவிர்த்த மக்கா பயணத்துக்கு, பஸ் உண்டு. நான்கு நாள் லீவும் கிடைத்தது. அப்ரோஸ் நண்பர்களோடு கடற்கரைக்குப் போய் மீன் சுட்டுத் தின்றான். சாச்சி மறுபடி கூப்பிட்டபோது வாய் தானாகச் சொன்னது: "கேட்டுட்டேன் சாச்சி."

அடுத்த வருடமே ஷப்ரீனுக்கு ஆண் குழந்தை.

பலிக்காத பொய்க்குச் சமாதானம் சொல்லலாம். பலித்த பொய்யை என்ன செய்வது? அவன் ஊருக்கே திரும்பி வந்ததும் சாச்சி விருந்து வைத்தார். பிரியாணியில் பெரிய துண்டு அவன் தட்டில் விழுந்தது. யாரும் பார்க்காதபோது அதைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளினான்.

போன மாதம் சாச்சி உம்ராவுக்குக் கிளம்பத் தயாரானார்.

"நீயும் வா. நீ எந்த எடத்துல நின்னு கேட்டியோ, அங்கயே நின்னு நான் அல்லாவுக்கு நன்றி சொல்லணும்."

அன்று சாலவாக்கத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டி பாதி வழியில் திரும்பியது. சாச்சி வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மீனைக்கூட மறைக்கவில்லை.

"அப்போ எங்கயுமே கேக்கலயா?"

"ஒரு தபா கேட்டேன் சாச்சி. பொய் சொன்னப்புறம் மனசு ஆறல. ஈஸ்டர் அன்னிக்கி மொதலாளி சர்ச்சுக்குள்ள இருந்தாரு. நான் வெளிய பார்க்கிங்ல, ஏசி போட்டுக்கினு..."

"ஏசி போட்டுக்கினு!"

சாச்சி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

"ஷப்ரீனாண்ட மூச்சு வுடாத" என்றார் கடைசியில். "அவ மாமியா, காபாவாண்ட கேட்டுப் பொறந்த புள்ளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறா. நீ ஹாஜியாராவே இரு. அதான் உனக்கு தண்டன."

சாச்சி தன் தம்பி காதரோடு போனார். வாடகைக் காரை விமான நிலையம் வரை ஓட்டிப் போனது அப்ரோஸ்தான். பெட்டியை இறக்கிக் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்:

"எனக்கும் ஒரு துஆ கேளுங்க சாச்சி."

"கேக்கறேன்டா" என்றார் அவர். "நீ எனக்குக் கேட்ட மாதிரியே."