ஏரியாண்ட

மரைகேவின் வீட்டு எண் பதினான்கு. கால்வாய் ஓரத்தில் ஒரு மரக்கம்பம், அதில் பச்சை நிறத் தபால்பெட்டி, பெட்டியின் மேல் அந்த எண். கம்பத்துக்கு அப்பால் இருப்பது படகு. படகின் மேல் ஜன்னல், ஜன்னலில் திரைச்சீலை, கூரையில் தக்காளிச் செடிகள். முதன்முறை போனபோது பலகையில் கால்வைக்கப் பயந்துகொண்டு, "இது எப்போது கிளம்பும்?" என்று கேட்டேன். அவள் குழம்பிப்போய், "எங்கே?" என்றாள். "படகுதானே, எங்காவது போகுமே." "இது போகாது. இது வீடு." எஞ்சினை அவளுடைய அப்பாவே கழற்றி விற்றுவிட்டாராம். நெதர்லாந்தில் இப்படித் தண்ணீர்மேல் குடியிருக்கிறவர்களுக்கு லிக்ப்ளாட்ஸ் என்று ஓர் உரிமை உண்டு. படகு கிடக்கிற இடத்துக்கு ஒரு தாள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் தண்ணீருக்குப் பட்டா. தினமும் தபால்காரர் சைக்கிளில் வந்து அந்தத் தண்ணீருக்குக் கடிதம் போட்டுவிட்டுப் போகிறார். நீ தண்ணீரில் இருக்கிறாய், எழுந்து போ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ஊரிலிருந்து எனக்கு அடிக்கடி செய்திகள் வருகின்றன. செங்கல்பட்டிலிருந்து ஒரு நிருபர், காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி, முகம் தெரியாத இன்னும் பலர். "அக்கா, வெளிநாட்டு ஃபெலோஷிப் ஏதாவது இருந்தா சொல்லுங்க. டெவலப்மென்ட் சம்பந்தமா எழுதுறேன்." சொல்கிறேன். வாய்ப்புகள் மழைக்கால ஈசல் மாதிரி வருகின்றன. பத்திரிகையாளர்களுக்கு, ஆய்வாளர்களுக்கு, பயணச் செலவோடு, தங்குமிடத்தோடு. விண்ணப்பத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பாதிக்கப்பட்ட சமூகத்தை உங்களால் நேரடியாக அணுக முடியுமா? வேறு எந்தத் தொழிலிலும் நம் ஊரின் கஷ்டம் நமக்குத் தகுதியாக எண்ணப்படாது. இங்கே எண்ணப்படும். மானாம்பதிக்கு அந்தப்பக்கம், ஏரியை நம்பி நெல் போடுகிற ஒரு கிராமத்தில் பிறந்ததை, உத்திரமேரூரில் பஸ் ஏறிப் படித்ததை, எங்கள் கழனியில் நாற்று நட்ட கன்னியம்மாவோடு மூன்றாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்ததை எல்லாம் என் விண்ணப்பத்தில் வரிசையாக எழுதினேன். 'நீரும் விளிம்புநிலை மக்களும்' என்பது அந்த ஆண்டின் பொருள். எனக்குக் கிடைத்தது. கன்னியம்மாவின் பெயரைப் போட்டு வாங்கிய வாய்ப்பு அது; அவளுக்கு அது தெரியாது.

கன்னியம்மா இருளர் பழங்குடி. அவர்களுடையவை ஒன்பது குடிசைகள். ஏரிக்கரைக்கு வெளிப்பக்கம், மதகிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில், இரண்டு பனைகளுக்கு நடுவே. அவளுக்கு வேண்டியிருந்தவை இரண்டு: அந்த இடத்துக்குப் பட்டா, குடிசைக்குக் கரண்டு. எத்தனையோ முறை மனுக் கொடுத்தாயிற்று. நான் ஊருக்குப் போயிருந்தபோது, போனில் பதிவு செய்துகொண்டே கேட்டேன், எங்கே இருக்கிறீர்கள் என்று. பார்த்துக்கொண்டே கேட்கிறாளே என்று அவளுக்குச் சிரிப்பு. "இன்னா செல்விமா, கண்ணு தெரியலியா? ஏரியாண்ட தான் கீறோம். எங்க நைனா காலத்துலருந்து. ஏரி ரொம்பினா கரைக்கு அந்தாண்ட தண்ணி, இந்தாண்ட நாங்க. அத்த எழுதிக்கோ."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம் வேண்டும். அச்சில் 'ஆண்ட' என்றால் ஆட்சி செய்த என்று பொருள். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஆண்ட என்றால் அருகில். வூட்டாண்ட, கோயிலாண்ட, ஏரியாண்ட. ஆளோடு சேர்ந்தால் 'இடம்' என்று ஆகும்: உன்னாண்ட சொன்னேன், அவராண்ட கேளு. நிலத்துக்கும் நம்பிக்கைக்கும் எங்களுக்கு ஒரே சொல்தான். கன்னியம்மா அன்று அந்தச் சொல்லை இரண்டு பொருளிலும் என்னிடம் கொடுத்தாள்.

ஏரிக்கு உள்ளேயும் ஆட்கள் உண்டு. தண்ணீர் வற்றுகிற மாதங்களில் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய அடிநிலத்தில், நெல் போடுகிறவர்கள். கரையை வெட்டி டிராக்டர் இறங்குகிற பாதை போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு ஏக்கர் என் அண்ணனுடையது. அன்று மத்தியானம் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். அண்ணி வைத்த விரால் மீன் குழம்பு. நோட்டில் அந்த இரண்டு ஏக்கரைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். பொருளுக்கு வெளியே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் குழம்பின் ருசி நாக்கில் இருக்கும்போது அப்படிச் சொல்லிக்கொள்வது எளிது.

மரைகே அந்த ஃபெலோஷிப்பில் எனக்குப் பதிப்பாசிரியர். வரைவை அவளுடைய படகில் உட்கார்ந்துதான் திருத்தினோம். அவர்கள் மொழியில் மேர் என்றால் ஏரி. அதே மேருக்கு 'இன்னும்' என்றும் பொருள். வந்த புதிதில் அவள் தேநீர்க் கெண்டியைத் தூக்கி "மேர்?" என்று கேட்க, நான் எங்கள் ஏரியை வர்ணிக்க ஆரம்பித்து, அவள் கெண்டியோடு நின்றுகொண்டே கேட்டு முடித்தாள். பிறகு நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று அவள் சிரிக்கவில்லை. என் முதல் வாக்கியத்தின் மேல் பென்சிலை வைத்தாள். "ஏரிக்கு அருகில் வாழ்கிறார்கள். சரி. நானும்தான் தண்ணீருக்கு அருகில் வாழ்கிறேன். இதில் என்ன இருக்கிறது?" பென்சில் அந்தச் சொல்லிலேயே நின்றது. "அருகிலா, உள்ளேயா? ஏரியின் தரையிலேயா குடியிருக்கிறார்கள்? அப்படியென்றால் அது வேறு கட்டுரை." அவள் குரலில் ஆசை இருந்தது. அந்த ஆசை கெட்டதல்ல. நல்ல கட்டுரைமேல் உள்ள ஆசை. படகு லேசாக ஆடியது. என்னுடைய ஊர், என்னுடைய மொழி, என்னுடைய சொல். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் பதில் தெரியும். "ஆமாம்," என்றேன். "உள்ளேதான்." அவள் இன்னும் கேட்டாள், நான் ஏரியையே கொடுத்துவிட்டேன்.

கட்டுரை நன்றாகப் பேசப்பட்டது. ஏரித் தரையில் ஒன்பது குடும்பங்கள், மழை வந்தால் முழங்கால்வரை நீர் என்று. முழங்கால் என்பது என் கற்பனை. ஒரு கருத்தரங்கில் அந்தப் பத்தியை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். என் எழுத்தின் ஓசைக்கு நானே அழுதேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும்.

அடுத்த கோடையில் எங்கள் ஏரிக்குத் தூர்வாரும் திட்டம் வந்தது. வெளிநாட்டு நிதி, நல்ல நோக்கம், பெரிய பலகை. ஒருநாள் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். முகமெல்லாம் பல்.

"செல்வி, நாஷ்டா ஆச்சா? உன் பேரு இன்னிக்கு மீட்டிங்ல வந்துச்சு."

"என் பேரா?"

"ஏரிக்குள்ள யார் யாரு கீறாங்கன்னு பேச்சு வந்துச்சு. நம்ம ஆளுங்க பேஜாராயிட்டானுங்க, கழனி போயிடுமோன்னு. அப்ப ஒருத்தர் உன் பேப்பரை எடுத்துக் காட்டுனாரு. ஒம்போது குடும்பம் உள்ளாற கீதுன்னு இங்கிலீஷ்ல கீது, ஃபாரின்ல அச்சடிச்சது. அதுக்கப்புறம் எவன் வாயத் தொறப்பான்? அவங்கள எடுத்துட்டாங்க. கணக்குக்கு ஆக்கிரமிப்பு எடுத்தாச்சு."

"அண்ணா, அவங்க கரைக்கு வெளியதானே…"

"அத்த உட்ரு. நம்ம கழனியப் பத்தி நீ ஒரு எழுத்துகூட எழுதல பாரு, உஷாரான பொண்ணுடி நீ. அண்ணி உனக்கு வடகம் போட்டு வெச்சிருக்கா."

அவன் நன்றி சொன்னான். அதைவிடக் கொடிய எதையும் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

இரண்டே வாரத்தில் மரைகேவிடமிருந்து கடிதம். செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது, பாதி மட்டும். உன் மக்கள் வெளியேற்றப்பட்டார்களாமே, மிகவும் வருந்துகிறேன், தொடர்கட்டுரைக்கு நிதி இருக்கிறது, விண்ணப்பிக்கிறாயா என்று. நான் விண்ணப்பித்தேன். கிடைத்தது. வாய்ப்பு தேடுகிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஒருமுறை கிடைத்தவருக்கு மறுமுறை சுலபம்.

அந்த நிதியில் ஊருக்குப் போனேன். சாலவாக்கம் போகிற வழியில் சரளைக்கல் மேட்டில் அந்த ஒன்பது குடும்பங்களையும் விட்டிருந்தார்கள். நீலத் தார்ப்பாய்கள். தண்ணீர் வண்டி வந்தால் உண்டு. நடவுக்குக் கூப்பிட ஆளில்லை. நண்டு பிடிக்க வாய்க்கால் இல்லை. கன்னியம்மா என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா. இந்த தபா எங்க இருந்து எடுக்கப் போற எங்கள?"

நான் சரளைக்கல்மேல் உட்கார்ந்தேன்.

"ஆபீஸ்காரங்க வந்து கேட்டாங்க, நீங்களே ஏரிக்குள்ள கீறோம்னு சொல்லிக்கிறீங்களேன்னு. நான் யாராண்டயும் சொல்லலன்னேன். உன்னாண்ட தானே சொன்னேன். ஏரியாண்டன்னு சொன்னேன். உள்ளன்னு எப்ப சொன்னேன்? அந்த போன்ல கீதா அது?"

"இருக்கு."

"போடு."

போட்டேன். சுற்றி எல்லோரும் வந்து நின்றார்கள். என் போனுக்குள்ளிருந்து அவள் சிரித்தாள். ஏரியாண்ட தான் கீறோம். அந்தாண்ட தண்ணி, இந்தாண்ட நாங்க. அத்த எழுதிக்கோ. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கன்னியம்மாவின் புருஷன் சொன்னார்: "பாத்தியா, போனுக்கே புரிஞ்சிக்கீது. படிச்ச பொம்பளைக்குப் புரியல."

"அவளுக்குப் புரிஞ்சுதுய்யா," என்றாள் கன்னியம்மா. "புரியாம எழுதியிருந்தா மன்னிச்சுடலாம். செல்விமா, இத்த அவங்காண்ட கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு. அப்படியே ஏரிக்குள்ள யாரு கீறாங்கன்னும் சொல்லு. உனக்குத்தான் தெரியுமே, நீ அந்த நெல்லத் துன்னவதானே."

தாலுகா அலுவலகத்தில் போட்டுக் காட்டினேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க எழுதினதுதாம்மா ஃபைல்ல கீது. அது தப்புன்னா, எழுத்துல திருத்தி அனுப்புங்க. அப்புறம் உள்ள யாருன்னு கேப்பாங்க. அதையும் எழுதுங்க." உள்ளே யார் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். நான் திருத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

மரைகேவிடம் படகில் உட்கார்ந்து நடந்த முழுவதையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு அவளுடைய தொழில் விழித்துக்கொண்டது. கட்டுரைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்புப் போடலாம் என்றாள். ஆய்வாளர்கள் தங்கள் தவறுகளை எழுத ஓர் அழைப்பு வந்திருப்பதாகவும், இதை நீ கட்டாயம் அதற்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். கெண்டியைத் தூக்கினாள். "மேர்?" எனக்கு வேண்டாம் என்றேன்.

அந்த அழைப்புக்கு அனுப்பவில்லை. வாய்ப்பு கேட்ட உங்களாண்ட, தமிழில் சொல்கிறேன். கன்னியம்மாவும் அவளைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்களும் ஏரிக்கு வெளியே இருந்தார்கள். ஏரிக்குள்ளே இருப்பது என் அண்ணனின் இரண்டு ஏக்கரும் அதைச் சுற்றியுள்ள எங்கள் சாதிக்காரர்களின் கழனிகளும். இது அச்சானதும் நறுக்கி அந்த அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். அதற்குப் பிறகு நான் போய் இறங்க ஊரில் வீடு இருக்காது. அண்ணி போட்ட வடகம் டப்பாவில் பாதி மீதி இருக்கிறது. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நெதர்லாந்தில் நான் குடியிருக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இது ஒரு போல்டர். பழைய காலத்தில் பெரிய ஏரியாக இருந்து, நீரை இறைத்து எடுத்து நகரமாக்கிய தரை. என் தெருவின் பெயரிலேயே மேர் இருக்கிறது. நான் ஏரிக்குள் இருக்கிறேன். பட்டாவோடு, கரண்டோடு, தபால்பெட்டியோடு. ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடியில் புல் முளைத்த உயரமான கரை. அதன்மேல் வாத்துகள் நடக்கின்றன. சில காலைகளில் அந்தக் கரையடியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவில் கன்னியம்மா சிரிக்கிறாள். கரைக்கு அந்தாண்ட தண்ணி, இந்தாண்ட நாங்க, என்கிறாள். நான் திரும்பிப் பார்க்கிறேன். இந்தாண்ட நான் மட்டும்தான் நிற்கிறேன்.