கிணற்றுக்கு ஒரு மரண அறிவித்தல்

பக்கத்து வீட்டு உதயகலாவுக்கு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறு பத்திரிகையில் தண்ணீரைப் பற்றிக் கட்டுரையும் எழுதுவாள். எங்கள் ஊர் இணுவிலில் அதை வாசித்தவள் நான் ஒருத்திதான். வாசிக்காவிட்டால், வேலிக்கு மேலால் எட்டி "எப்பிடி இருந்தது அக்கா?" என்று கேட்பவளுக்கு என்ன பதில் சொல்வது?

போன வருடம், மடத்தடிப் பொதுக்கிணற்றுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் எழும்பத் தொடங்கியது. கனடாவில் இருக்கும் கேதீஸ்வரனுடையது. மலக்குழிக்குக் குறித்த இடம் கிணற்றுக்குக் கிட்ட. உதயகலா பதறிப்போனாள். கீழே ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல், ஒரு குழியின் அழுக்கு ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் போகும் என்று மூன்று கட்டுரை எழுதினாள். ஊரோ, "எங்கடை தண்ணி கற்கண்டு" என்றது. கிருமிக்கு ருசி ஏது? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

குழி வெட்ட நாளும் வைத்தாயிற்று. ஒரு காலை, அவளுடைய கணவர் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். யார் செத்தது என்று பார்த்த பிறகுதான் நாட்டு நடப்பு. அதைப் பார்த்த உதயகலா அடுத்த கட்டுரையைக் கிழித்துப்போட்டாள்.

அந்த ஞாயிறு மரண அறிவித்தல்களின் நடுவே கறுப்புக் கட்டம் கட்டி வந்தது இது:

"இணுவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட மடத்தடிப் பொதுக்கிணறு அவர்கள், மலக்குழி வெட்டியபின் வரும் மாரியில் இறைவனடி சேர இருக்கின்றார். அன்னார் மழையின் அன்பு மகளும், சுற்றியுள்ள கிணறுகளின் பாசமிகு சகோதரியுமாவார். எல்லாருக்கும் அடியில் ஓடுவது ஒரே தண்ணீர் என்பதால், சகோதரிகளின் மரணங்கள் பின்னர் அறியத்தரப்படும். தகவல்: உயிரோடிருக்கும் கிணறுகள்."

ஊர் கிணற்றடியில் கூடிவிட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள், ஆனால் எல்லாரும் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்டார்கள். மத்தியானம் உதயகலாவுக்குக் கனடாவிலிருந்து கேதீஸ்வரனின் அழைப்பு.

"பிள்ளை, உயிரோடை இருக்கிற கிணத்துக்குச் செத்தவீடு வைக்கிறியோ?"

"செத்தாப்பிறகு எழுதி என்ன பிரயோசனம், அண்ணை?"



"அம்மா எனக்கு முழுக வார்த்தது அந்தத் தண்ணியிலைதான். இப்ப நான் என்ன செய்ய?"

"குழி வேண்டாம். கசியாத கொங்கிறீற் தாங்கி கட்டுங்கோ. நிரம்பினால் பவுசர் வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும்."

"ஓம், கட்டுறன்."

சொன்னபடி கட்டினார். மண்டபத் திறப்புவிழாவுக்கு வந்தவர், நிறைகுடத்துக்குத் தானே அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உதயகலாவோ சோதித்த அறிக்கையை அவரிடம் நீட்டி, "பயமில்லாமல் குடியுங்கோ" என்றாள். என்ன பெருமை அந்த முகத்தில்!

மாரி பெய்து ஓய்ந்த பிறகு அதே பக்கத்தில், அதே கறுப்புக் கட்டத்துக்குள் இன்னொன்று வந்தது:

"நன்றி நவிலல். எனது செத்தவீட்டுக்கு வர வேண்டிய தேவை இல்லாமல் செய்த உற்றார், உறவினர் அனைவருக்கும் நன்றி. இங்ஙனம், மடத்தடிக் கிணறு."