பதினோரு கிலோமீட்டருக்கு ஆறு கியர்

பல்லக்காவின் மோட்டார் சைக்கிளுக்கு ஆறு கியர் உண்டு. வீட்டிலிருந்து அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பதினோரு கிலோமீட்டர். அந்தப் பதினோரு கிலோமீட்டரில் அவள் முதல் கியரில் குடியிருப்பாள், இரண்டாவது கியருக்கு விருந்தாளியாகப் போய் வருவாள். மூன்றாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பார்த்ததாகச் சொல்கிறாள். மிச்ச மூன்றும் இருக்கின்றனவா என்பதை வண்டியோடு கொடுத்த புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பல் செட் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து ஒரு முழு வாயைக் கட்டி எழுப்புவாள். கூடத்தில் இருந்தவர்கள் பல்லக்கா என்று கூப்பிடப் போய், அது பெட்ரோல் பங்க் வரைக்கும் பரவிவிட்டது. இப்போது சொந்தப் பெயரை யாராவது கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள்.

வண்டி பழையது. முன்பு வைத்திருந்தவர் அதில் நாடு நாடாகச் சுற்றியவர். ஒரே நாளில் எண்ணூறு கிலோமீட்டர் போனாலும் முதுகு வலிக்காத இருக்கை, காற்றைக் கிழிக்க முன்னால் ஒரு கண்ணாடி, மாற்றுத்துணி வைக்க இரண்டு பக்கமும் பெட்டி, இருநூற்று அறுபது கிலோ எடை. இதை வாங்கிக்கொண்டு வந்து ஊரிலேயே மோசமான நெரிசலில் தினமும் இரண்டு வேளை ஓட்டுகிறாள் என்றால், பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைக்காமல் என்ன செய்வார்கள்? அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைக்கவசம் வேறு காதை அடைத்துக்கொண்டிருந்தது.

நெரிசலில் அப்படி என்ன சுகம் என்று கேட்பீர்கள். அதை அவளிடம் கேட்டிருக்க வேண்டும், அன்றைக்குப் பூராவும் நீங்கள் வேறு வேலை பார்த்திருக்க முடியாது. கிளட்ச்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றாமல் ஆள் நடக்கிற வேகத்தில் அந்த மலையை நகர்த்த வேண்டும். வங்கி வாசலிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும், அறுநூற்று நாற்பது மீட்டர், கால் ஊன்றாமல் போனது அவளுடைய சாதனை. பக்கத்தில் ஸ்கூட்டர்கள் எலிக்குட்டி மாதிரி நுழைந்து நுழைந்து போகும். இவளால் போக முடியாது, கைப்பிடி நுழைகிற இடத்தில் பெட்டி நுழையாது. ஆனால் அரை மில்லிமீட்டர் பிசகினால் கடிக்க முடியாமல் போகிற பல்லைச் செய்கிறவள் அல்லவா, லாரிக்கும் காருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். போகலாம் என்று கண் சொன்னால் போவாள். போய்ச் சேர்ந்ததும் கவசத்துக்குள் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

ரேடியேட்டர் விசிறி சுழன்று முழங்காலில் அனல் ஊதும், இடது கை விரல்கள் மரத்துப்போகும், வியர்வை கழுத்து வழியாக இறங்கும். இத்தனையையும் அவள் குறையாகச் சொன்னதில்லை. குறை சொல்கிற வேலையை அவளுடைய கணவர் எடுத்துக்கொண்டார்.

அவர் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாக, அவள் வேலைக்குப் போகிற அதே சாலையில் குளிர்சாதன பஸ் ஓட்டுகிறவர், யாரும் பக்கவாட்டில் உரசியதுகூடக் கிடையாது. சாலையில் விழுந்தவர்களை அவர் உயரத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறார். வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார். முப்பது நாள் ஓட்டிப் பார்க்கலாம். வண்டி ஒரு தடவைகூடக் கீழே விழக்கூடாது, ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகக் கூடாது, வண்டியால் வேலைக்கு ஒரு சேதமும் வரக்கூடாது. மூன்றில் ஒன்று நடந்தாலும் வண்டி அவருடைய டிப்போ மெக்கானிக்குக்குப் போய்விடும். அந்த மனிதர் வண்டியைப் பார்த்த நாளிலிருந்து கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். முப்பது நாளும் தாண்டிவிட்டால் வண்டி அவளுடையது, அவர் அப்புறம் வாயே திறக்க மாட்டார். பல்லக்கா சரி என்றாள். அவளுக்கு வாழ்க்கையில் எதன் மேலும் இப்படி ஓர் ஆசை வந்ததில்லை. அதைத் தோற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொன்பது நாளை ஓட்டிவிட்டாள்.

முப்பதாவது நாள் காலையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் மெழுகு மாதிரியைக் கொடுக்க வேண்டும். நோயாளி அதை வாயில் போட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் மெழுகை எடுத்துவிட்டு உறுதியான பல் செட்டாக வார்ப்பார்கள். முதல் நாளே முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று. வழக்கமாக இதையெல்லாம் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு மட்டும், இத்தனை அழகான பெட்டி இருக்கும்போது பை எதற்கு என்று ஒரு குஷி. பஞ்சு சுற்றி, ஸ்பாஞ்ச் வைத்து, மேலே துண்டு மடித்துப் போட்டு, குழியில் விழுந்தாலும் குலுங்காத மாதிரி வலது பெட்டியில் வைத்துப் பூட்டினாள். குலுங்கலைப் பற்றி அவள் யோசிக்காத யோசனை இல்லை. அந்தப் பெட்டிக்குக் கீழேதான் புகைக்குழாய் போகிறது என்பதும், இருபத்திரண்டு வருடமாகத் தான் கையால் உருக்கி ஊற்றுவது மெழுகு என்பதும் அவளுக்கு ஒருசேர நினைவுக்கு வரவில்லை.

மேம்பாலத்துக்கு அடியில் எல்லாம் நின்றது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஓரடி நகர்வது, நிற்பது. விசிறி ஓயாமல் சுழன்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. டீசல் புகைக்கும் சூடான தாருக்கும் நடுவில், வேறு யாருக்கும் தெரியாத, அவளுக்கு மட்டும் தூக்கத்தில்கூடத் தெரிகிற வாசனை. மெழுகு இளகுகிற வாசனை.

எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டைப் போட்டு, பெட்டியைத் திறந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. அவள் சுற்றிய பஞ்சும் ஸ்பாஞ்சும் சூட்டை ஒரு சொட்டு வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருந்தன. கீழ்த்தாடை பரவாயில்லை. மேல்தாடையில் மெழுகு பளபளவென்று மின்னியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். மேலே சூடேறிய பாலம், கீழே தார், பாட்டில் தண்ணீர் வெந்நீர். குளிர்ந்த இடம் என்று அந்தச் சாலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு கார் தள்ளி, கண்ணாடியெல்லாம் மூடிக்கொண்டு நின்ற பஸ். அதை ஓட்டுகிறவர் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பல்லோடு ஓடினாள். ஓடும்போதே தெரிந்தது, இது தோல்வியை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது என்று. கொடுக்காவிட்டால் பல் போய்விடும். பல்லா வண்டியா என்று நெரிசலில் நின்று யோசிக்க நேரமில்லை. டிரைவர் ஜன்னலைத் தட்டினாள். அவர் கண்ணாடியைத் தள்ளிக் கீழே பார்த்தார். மனைவி, அவள் கையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வாய்.

"ஏசிக்கு நேரா வைங்க. மெழுகு இளகுது" என்றாள்.

"பெட்டியிலயா வச்சிருந்த?"

"ஆமா."

"புகைக்குழாய் பக்கம்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, முதல் இருக்கையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரியிடம் கொடுத்து, தன் வீட்டுக்காரி செய்தது, கொஞ்சம் குளிர்காற்றில் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் அத்தனை மரியாதையோடு எதையும் பிடித்திருக்க மாட்டார். கையை உயர்த்திக் காற்று வருகிற துவாரத்துக்கு நேராக நீட்டியபடி அவர் உட்கார, விஷயம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போனது. லாரியை இழுத்துவிட்டு வழி திறந்தபோது பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் எழுந்து நின்று கொண்டிருந்தது.

பல்லக்கா தன் வண்டிக்கு ஓடி வந்து பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த இரண்டு கிலோமீட்டர் அவள் ஓட்டியது இருக்கிறதே, அதை நெரிசல் என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் விட்ட இடத்தில் நுழைந்தாள், பஸ் திரும்பியதும் திரும்பினாள். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக ஓர் அம்மாள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், பல் பத்திரம் என்று. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது மணி ஒன்பது ஐம்பத்தாறு. அதிகாரி இறங்கி வந்து தன் கையாலேயே கொடுத்தார். அவருடைய நிறுத்தம் மூன்று நிறுத்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. டிரைவர் ஜன்னலில் சாய்ந்து, சேதம் உண்டா என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வெளிச்சத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மெழுகு இறுகிவிட்டது, எல்லாம் சரியாக இருந்தது, வலது கோரைப்பல் ஒன்று மட்டும் லேசாக முன்னால் சாய்ந்து நின்றது. பல் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள், பத்து நிமிஷம் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன் என்றாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது, போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். நோயாளி முப்பது வருடம் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். பல்லை வாயில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். இளமையில் தனக்கு அந்த இடத்தில் இப்படித்தான் ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தது, அது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். மெழுகு, கடிக்கக் கூடாது என்று டாக்டர் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் ஒரு தடவை ஊதிவிட்டார். காத்திருப்பு அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பல்லை ஒரு மயிரிழைகூட மாற்றக் கூடாது என்பது அவருடைய தீர்ப்பு.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கூடத்தின் வாசலில் கணவர் நின்றிருந்தார். சீருடை மேலேயே ஒரு சட்டையைப் போட்டிருந்தார். சேதம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி அவளுடையது. டாக்டர் திருப்தி, நோயாளி திருப்தி, கேட்டுப் பார்க்க யாரும் இல்லை. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"ஒரு பல்லு நகர்ந்துடுச்சுங்க" என்றாள். "போட்டுக்கிறவருக்கு அதுதான் பிடிச்சிருக்காம். இருந்தாலும் நகர்ந்தது நகர்ந்ததுதான். வண்டியை உங்க மெக்கானிக்குக்கே குடுத்துடலாம்." சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்ததில் அவளுக்கே கோபம் வந்தது.

"மெக்கானிக்குக்கா? அவர்கிட்ட ஒன்பதாம் நாளே இல்லைன்னு சொல்லிட்டேனே."

அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் வண்டியின் இருக்கையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"என் சீட்ல இருந்து பார்த்தா தினம் ஐந்நூறு மூஞ்சி தெரியும். எல்லாமே உர்ருன்னு இருக்கும். சிரிச்சுக்கிட்டு வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அதை வித்துட்டு நான் எதைப் பார்த்துக்கிட்டு பஸ் ஓட்டறது?"

"அப்புறம் எதுக்கு முப்பது நாள் வரைக்கும் என்னை இப்படிப் படுத்தினீங்க?"

"சோதனைன்னா நீ பார்த்து ஓட்டுவ. இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டலாமான்னுகூட யோசிச்சேன்."

கையுறையைக் கழற்றி அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் நகராமல் வாங்கிக்கொண்டார். இரண்டாவது அடிக்குக் கை எழவில்லை, அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு தெரு என்றும் பாராமல் சிரித்துச் சிரித்து அழுதாள்.