ஸ்கைடியில் பன்னிரண்டு நிமிடம்

என் பேருந்து இப்போதெல்லாம் நேரத்துக்கு முன்னால் கிளம்புவதில்லை. நாற்பத்து நான்கு பேரும் ஏறி, பெல்ட் மாட்டி, கைக்கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, பயண அட்டவணைத் தாளில் ஒன்று நாற்பது என்று போட்டிருந்தால் ஒன்று நாற்பதுக்குத்தான் ஓட்டுநர் ரூனே வண்டியை எடுப்பார். பயணிகள் இதைப் பற்றிப் புகார் எழுதுகிறார்கள். போன வருடம் ஒருவர், "வழிகாட்டி உல்ரிகா நல்லவர்தான், ஆனால் காரணமே இல்லாமல் காக்க வைக்கிறார்" என்று எழுதியிருந்தார். காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் குன்வோர்.

எங்கள் பயணம் பன்னிரண்டு நாள். சுவீடனின் தெற்கில் வெக்ஷோவில் புறப்பட்டு, நாடு முழுக்க மேலே ஏறி, பின்லாந்தின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு நார்வேயின் வடமுனைக்குப் போய், கடலோரமாக இறங்கி வீடு திரும்புவோம். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நேரத்துக்கு வருவதையே கொஞ்சம் அலட்சியம் என்று நினைக்கிறவர்கள். பத்து நிமிடம் முன்னால் வந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மரியாதை. கடைசியாக ஏறுகிறவர் நேரத்துக்கு முன்பே வந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் தன் இருக்கைக்குப் போவார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். நானும் அப்படிப் பார்க்கிறவள்தான், அதை மறைக்கப் போவதில்லை.

எங்களோடு வந்தபோது குன்வோருக்கு எழுபத்து நான்கு வயது. வெக்ஷோவுக்குப் பக்கத்துச் சிற்றூரில் பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். உருளைக்கிழங்கு வேகவைத்து, மீன் வறுத்து, முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் தான் சாப்பிடுவாராம். இல்லாவிட்டால் ரொட்டியும் வெண்ணெயும். இதைச் சொன்னது அவரோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்த மார்கித். பயணத்தில் இருவரும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. குன்வோர் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அறுவைக்காகக் காத்திருந்தார். சாலையோரப் பலகைகளை மார்கித்தான் அவருக்குப் படித்துச் சொல்வார்.

முதல் நாளே அவர்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. கையில் ஒரு குளிர்ப்பை வைத்திருந்தார். அதற்குள் ஒரு தகரப் பாத்திரம் நிறைய எங்கள் ஸ்மோலாந்துப் பக்கத்துப் பால்கட்டிக் கேக். திரிந்த பாலில் பாதாம் போட்டுச் சுடுவது. அதை ஒவ்வோர் இரவும் விடுதிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், காலையில் மறக்காமல் வாங்கிவர வேண்டும். தானே போய்க் கேட்கத் தயங்குவார். என்னிடமும் நேராகக் கேட்க மாட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரவேற்பறை ஓரத்தில் நிற்பார். நான்தான் போய்ப் பிடுங்காத குறையாக வாங்கிக் கொடுப்பேன்.

இன்னொன்று, தினமும் ஒரே கேள்வி.

"வியாழக்கிழமை ஸ்கைடியில நிக்கிறது மாறாதேம்மா?"

"மாறாதுங்க. மத்தியானம் ஒன்னுல இருந்து ஒன்னு நாப்பது. தாள்ல போட்டிருக்கிற மாதிரியேதான்."

"ஒன்னு நாப்பதா. சரிம்மா. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. ஸ்கைடி என்பது வடமுனையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு முச்சந்தி. ஒரு சிற்றுண்டிக் கடை, ஒரு பெட்ரோல் பங்க், சுற்றிலும் பொட்டல் மலை. அங்கே பிரியும் சாலை ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குப் போகிறது. ஹம்மர்ஃபெஸ்ட்டில் அவருடைய ஒரே மகன் ஹென்னிங் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். அம்மாவும் மகனும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இந்தப் பயணத்துக்கு அவர் பணம் கட்டியதே அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான். வடமுனையைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ஏப்ரலிலேயே எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, எந்தக் கடை, எத்தனை மணி என்று கேட்டு, மகனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஜூன் கடைசி வியாழக்கிழமை ஒன்றிலிருந்து ஒன்று நாற்பது வரை அங்கே இருப்பேன், வர முடிந்தால் வா, முடியாவிட்டால் பரவாயில்லை, பதில் எழுத வேண்டாம். மகன் பதில் எழுதவில்லை.

இதெல்லாம் மார்கித்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மார்கித் ஏன் சொல்லவில்லை என்றால், அது குன்வோரின் விஷயம். அடுத்தவர் விஷயத்தை எடுத்து மேடையில் வைக்க நாங்கள் பழகவில்லை.

சண்டை என்ன என்பதையும் பிறகுதான் கேட்டேன். குன்வோரின் கணவர் ஏவெர்ட் ஒரு பிப்ரவரி மாதம் நோயில் விழுந்து மூன்று வாரத்தில் போய்விட்டார். பிப்ரவரி என்றால் வடக்கே காட் மீன் குவியும் காலம், படகுகள் கரையில் தங்காது. மகன் போனில் கேட்டபோதெல்லாம், அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, நீ வேலையைப் பார் என்றே குன்வோர் சொல்லியிருக்கிறார். ஏவெர்ட் கடைசி நாலு நாளும் மகனைத்தான் கேட்டாராம். ஈஸ்டருக்கு வருவான் என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஹென்னிங் எழுந்து நின்று, "எனக்குத் தொந்தரவா இருக்கும்னு நீயா எப்படிம்மா முடிவு பண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. குன்வோர் வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை ஜூன் கடைசி. வடமுனையில் மூடுபனி. உலகத்தின் விளிம்பைப் பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தவர்கள், எதிரில் நிற்கிறவரின் மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எல்லோருக்கும் முகம் சுண்டிப் போயிருந்தது. ஸ்கைடியில் இறங்கியபோது பனியும் மழையுமாகக் கலந்து அடித்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கூட்டம் கடைக்குள் புகுந்து வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வாங்கித் தின்றது, வரிசையாகக் கழிவறைக்குப் போனது, குளிர் தாங்காமல் ஒவ்வொருவராகப் பேருந்துக்குள் ஏறியது. ஒன்று இருபதுக்கு எல்லோரும் உள்ளே. குன்வோர் மட்டும் வெளியே.

கடையின் மூலையில், கூரை நுனிக்குக் கீழே, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் நல்ல நீலத் தொப்பி, அதுவரை நான் பார்க்காதது. ஹம்மர்ஃபெஸ்ட் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அந்தப் புரை விழுந்த கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்? சாம்பல் நிறம்தான் தெரிந்திருக்கும்.

பேருந்துக்குள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று பேரும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார்கள். ரூனே என்னைப் பார்த்தார். இரவு தங்க வேண்டிய அல்தாவில் விடுதிக்குச் சீக்கிரம் போனால் ஈரத் துணியை மாற்றலாம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. கதவைத் திறந்து வைத்து, படியில் நின்று, சிரித்த முகமாகக் கூப்பிட்டேன்.

"குன்வோர், எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க ரெடியா?"

இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒருவருக்காக நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தால்கூட நியாயம்தான். ஐந்து நாளாக நான் வாக்குக் கொடுத்த நேரம் அது. அவர் ஜன்னலில் வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்தார். பெட்ரோல் பங்க் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு வேகமாக, கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"பக்கத்து சீட்டுக்காரங்க இருக்காங்களா?" என்று ஒலிபெருக்கியில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். நாங்கள் தலையை எண்ணுவதில்லை, இப்படித்தான் கேட்போம். எல்லோரும் ஆமாம் என்றார்கள். மார்கித்தும் ஆமாம் என்றார். மணி ஒன்று இருபத்தெட்டு. கிளம்பினோம்.

அன்று மாலை அல்தாவில் சாப்பாடு முடிந்ததும் குன்வோர் அந்தத் தகரப் பாத்திரத்தைத் திறந்தார். இதற்கு மேல் வைத்தால் கெட்டுவிடும், எல்லோரும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று மேசை மேசையாகக் கொண்டு வந்தார். நன்றாகவே இருந்தது. நான் இரண்டு துண்டு தின்றேன். மார்கித் தொடவில்லை. பிறகு நடைக்கூடத்தில் என்னை நிறுத்தி, கடிதம், மகன், ஒன்பது வருடம், எல்லாவற்றையும் சொன்னார்.

"வரல அவன். அது அவங்களுக்கே தெரியும்," என்றார். "ஆனா உல்ரிகா, பன்னெண்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சு."

"நீங்க ஏங்க அப்பவே சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

குன்வோரிடம் போய், மகனுக்கு ஒரு போன் போடலாமா, எண் இருக்கிறதா என்றேன். அவர் காலி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. அவனுக்கு வேலை இருந்திருக்கும். சும்மா எதுக்குத் தொந்தரவு."

வேண்டாம் என்று அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிச்சம் ஆறு நாளும் நான் பாறைகளையும் பாலங்களையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அவர் மார்கித் காட்டிய பக்கமெல்லாம் திரும்பி, அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நவம்பர் தொடக்கத்தில் மார்கித் போன் செய்தார். குன்வோர் இறந்துவிட்டாராம். வசந்த காலத்திலேயே மருத்துவர் சொல்லிவிட்டாராம், இந்த வருடம் தாண்டாது என்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு தாளில் மகனுடைய எண்ணும் கீழே ஒரு வரியும் இருந்திருக்கிறது. "எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் போதும்."

அடக்கத்துக்குப் போனேன். எங்கள் வழக்கப்படி அதற்கும் மூன்று வாரம் ஆகியிருந்தது, நவம்பர் கடைசி. தேவாலயத்தில் பதினாறு பேர். முன் வரிசையில் அகன்ற தோள், காற்றடித்துச் சிவந்த கழுத்து. அதுதான் மகன் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிறகு சபைக்கூடத்தில் காபி வைத்தார்கள். மார்கித் என்னை அவரிடம் கூட்டிக்கொண்டுபோய், இவர்தான் அந்தப் பேருந்தின் வழிகாட்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஹென்னிங் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஒன்னு நாப்பது வரைக்கும் நிக்கும்னு அம்மா எழுதியிருந்தாங்க."

"ஆமா."

"நான் பன்னெண்டே முக்காலுக்கே வந்துட்டேன்."

பெட்ரோல் பங்க் ஓரத்தில் காரை நிறுத்தி உள்ளேயே இருந்திருக்கிறார். அம்மா இறங்கியதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு பேர் நடுவில் போய் நிற்கக் கூச்சம். கூட்டம் ஏறட்டும், அம்மா தனியாக நிற்கும்போது போகலாம், ஒன்று முப்பதுக்குப் போனால்கூடப் பத்து நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தும் விட்டாராம்.

"அப்போ அம்மா என் காரப் பாத்தாங்க. நேரா பாத்தாங்க. பாத்துட்டு ஓடிப்போய் பஸ்ல ஏறிட்டாங்க." அவர் குரல் உயரவில்லை. "கொஞ்ச தூரம் பின்னாடியே வந்தேன். அப்புறம், சரி, இதான் அவங்க பதில்னு திரும்பிட்டேன்."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க," என்றேன். "புரை. பஸ்ல எழுதியிருக்கிறதே தெரியாது. உங்களப் பாக்கல."

சொன்னது ஆறுதலா, இல்லை அவர் கையிலிருந்த கடைசிப் பிடியையும் பிடுங்கினேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் வேண்டாம் என்று போனார் என்ற கோபம் அவருக்கு ஊன்றிக்கொள்ள ஏதோ ஒன்றாக இருந்திருக்கும்.

"அப்போ ஏன் முன்னாடியே கிளம்பினீங்க?"

"எல்லாரும் வந்துட்டாங்க. நான்தான் கூப்பிட்டேன். தப்பு என்னோடது."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். யாரோ காபி ஊற்ற வந்தார்கள். அவர் கோப்பையை நீட்டி வாங்கிக்கொண்டு, அவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"பஸ்ல ஏறினதும் அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உங்கள் பெயரைச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"எல்லாரையும் காக்க வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க," என்றேன். "ஒவ்வொரு வரிசையா நின்னு."

ஹென்னிங் தலையை ஆட்டினார்.

"ம். கேப்பாங்க," என்றார்.