கறுப்புத் திட்டு

எங்கள் பட்டறையில் அவளுக்குக் காந்தக்காரி என்று பெயர். நாங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காயில்களைப் பழுது பார்க்கிறவர்கள். நோயாளியின் தலையிலோ முழங்காலிலோ கூடு மாதிரி ஒன்றை மாட்டுவார்களே, அதுதான் காயில். உடம்பிலிருந்து வரும் சிக்னலை வாங்கிப் படத்துக்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளே இருக்கும் செம்புப் பட்டையில் களிம்பு ஏறினால் படம் மணல் தூவியதுபோல் வரும். மெத்தைக்குக் கண்ட ஸ்பாஞ்சை வைத்தால் ஸ்பாஞ்சே படத்தில் வந்து நிற்கும். இரும்பு துளி இருந்தாலும் போதும், அந்த இடம் கறுத்துவிடும். அதனால் எந்தத் திருகாணியையும் நூலில் கட்டிய சின்னக் காந்தத்திடம் காட்டாமல் அவள் மாட்டமாட்டாள். பித்தளை என்று கடைக்காரன் சத்தியம் செய்தாலும் சரி. ஒருமுறை என் தோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். நூல் அசையாததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவளுடைய அக்கா தையல்காரி, காலால் மிதிக்கும் மிஷின். போன வருடம் முழங்கால் மூட்டுக்குள் சதை வளர்ந்து ரத்தம் கசிந்து, அறுத்து எடுத்தார்கள். இப்போது மறுபடி வீக்கம். ஸ்கேனில், மூட்டின் ஓரமாக ஒரு கறுப்புத் திட்டு.

டாக்டர் மூடி மறைக்கவில்லை. "பழைய ரத்தத்துல இருக்கற இரும்பும் இப்படித்தான் கறுப்பாத் தெரியும். சதை திரும்ப வளர்ந்திருக்குன்னு தோணுது. இன்னொரு தடவை அறுத்தா கால் முழுசா மடங்காது. ஆனா காயில் இப்பத்தான் ரிப்பேராகி வந்திருக்கு. அதையும் பாத்துடுவோம்."

ரிப்பேர் செய்தது இவள். திட்டு விழுந்ததும் இவள் கை வைத்த பக்கம்.

எங்கள் முதலாளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "உன் மேல தப்புன்னா நம்ம கடைப் பேரே போச்சும்மா."

"போகட்டும் சார்," என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையில் குறை சொன்னால் எரிந்து விழுகிறவள், தான் செய்த தப்பைச் சல்லடை போட்டுத் தேடினாள். "அந்த ஓரத்துத் திருகாணி இருக்கில்ல, அதுக்குக் காந்தம் காட்டினேனா? ஞாபகமே இல்லடி. காட்டியிருக்க மாட்டேன்." காட்டினாள். பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருந்தேன். ஆனால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஸ்கேன் சென்டருக்கு நானும் போனேன். அக்கா வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் அதே காயிலுக்குள் சோதனைக்கென்று வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை வைத்தார். தண்ணீருக்கு நோய் கிடையாது. அதிலும் கறுப்பு விழுந்தால் குற்றம் காயிலுடையது.

"கறுத்துடு, கறுத்துடு," என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.

படம் வந்தது. ஓரம் வரை ஒரே சீரான வெள்ளை.

"புதுக் காயில்கூட இப்படி வராது. ரொம்பச் சுத்தமான வேலைங்க," என்றார் ஆபரேட்டர். மனதாரத்தான் சொன்னார் மனுஷன். நான்தான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"என்னடி, உன் தப்புதானே?" அக்கா ஆசையாகக் கேட்டார்.

"இல்லக்கா."

அக்கா நீட்டிய காலை நகர்த்தி இடம் விட்டார். பிறகு தங்கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எனக்குத் தெரியும்டி. நீ என்னிக்கு அரைகுறையா வேலை செஞ்சிருக்க?"